வரைபடத்துக்கு அப்பால்: கட்டடக் கலைஞரிடம் எதிர்பார்க்க வேண்டியவை

பெரும்பாலான குடும்பங்கள் வாழ்நாளில் ஒரே ஒரு வீட்டைத்தான் கட்டுகின்றன. முன் அனுபவம் ஏதும் இல்லாத அந்த ஒரு செயலில் சேமிப்பு முழுவதையும் இட்டு, இருபது ஆண்டுத் தவணைக்கும் கையொப்பமிடுகின்றன. ‘வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்’ என்னும் பழமொழி எழுந்த காலத்தில் வீட்டுக் கடனும் இல்லை, கட்டட விதிகளும் இவ்வளவு இல்லை. இன்றோ அவ்விரண்டையும் அறிந்த ஒருவரின் துணையின்றி வீடு கட்டுவது கடினம். அத்துணைவரே கட்டடக் கலைஞர். அவரிடம் எதை எதிர்பார்ப்பது என்பதில் தெளிவில்லாத காரணத்தால், நல்ல வரைபடம் இருந்தும் இடரில் முடிந்த பணிகள் உண்டு. ஐதராபாத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு அதனை இங்கு விளக்க முற்படுகிறோம்.

பட்டமும் பதிவும்

1972-ஆம் ஆண்டின் கட்டடக் கலைஞர்கள் சட்டத்தின்படி, கட்டடக்கலைக் குழுமத்தில் பதிவு பெற்றவர் மட்டுமே தம்மை ‘ஆர்க்கிடெக்ட்’ என்று அழைத்துக்கொள்ள இயலும். ஆனால் அச்சட்டம் காப்பது பட்டத்தையே. வீட்டுக்கு வரைபடம் தயாரிக்கும் தொழிலைப் பதிவு பெறாதவர் செய்யக் கூடாது என அது தடுக்கவில்லை. 2020-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் இதனைத் தெளிவாக்கியது. ஆகவே, வரைபடம் தருபவர் எல்லோரும் கட்டடக் கலைஞர் அல்லர். பதிவு எண்ணைக் கேட்டு வாங்கிச் சரிபார்ப்பது முதற்படி. இதனைக் கேட்பதில் கூச்சம் வேண்டியதில்லை. வங்கி நம்மிடம் அடையாளச் சான்று கேட்பதைப் போன்றதே இதுவும்.

பதிவு பெற்றவர் 1989-ஆம் ஆண்டின் தொழில் நடத்தை விதிகளுக்குக் கட்டுப்பட்டவர். பணியின் நிபந்தனைகளையும் கட்டணத்தையும் வாடிக்கையாளருக்கு அவர் தெரிவிக்க வேண்டும். பணி பெறுவதற்காகத் தரகோ அன்பளிப்போ கொடுக்கவும் வாங்கவும் கூடாது. கட்டட ஒப்பந்தத்தை நிருவகிக்கும்போது நடுநிலையோடு நடக்க வேண்டும். வாடிக்கையாளரின் நியாயமான எதிர்பார்ப்புகளுக்கு இவ்விதிகளே அடித்தளம்.

கேட்பவர் தெளிவும் கட்டுபவர் திறனும்

ஐதராபாத்தின் பெருமைக்குரிய கட்டடங்களுள் ஒன்று உஸ்மானியா பல்கலைக்கழகக் கலைக் கல்லூரி. வரைபடம் உருவாகும் முன்னரே, நிஜாம் அரசு நவாப் ஜைன் யார் ஜங், சையத் அலி ரஜா ஆகிய இருவரையும் வெளிநாடுகளுக்கு அனுப்பிப் பல்கலைக்கழகக் கட்டடங்களைப் பார்வையிடச் செய்தது. அதன் பின்னரே பெல்ஜியம் நாட்டுக் கட்டடக் கலைஞர் எர்னஸ்ட் ஜாஸ்பர் அமர்த்தப்பட்டார். இந்து, இசுலாமியக் கட்டட மரபுகள் இரண்டும் இணைந்த தோற்றம் வேண்டும் என்பது கட்டுவித்தோரின் விருப்பம். 1934-இல் அடிக்கல் நாட்டப்பட்ட கட்டடம் 1939-இல் திறக்கப்பட்டது. தம் தேவையைத் தாமே முதலில் ஆய்ந்தறிந்த வாடிக்கையாளருக்கு இது ஒரு சான்று.

மற்றொரு சான்று நம் காலத்தது. ஹைடெக் சிட்டி அருகே உள்ள சி.ஐ.ஐ. சொராப்ஜி கோத்ரெஜ் பசுமை வணிக மையத்தை வடிவமைத்தவர் கரண் குரோவர். கழிவுநீர் வளாகத்தை விட்டு வெளியேறக் கூடாது, பகலொளி பணியிடங்களை எட்ட வேண்டும், மின்செலவு குறைய வேண்டும் என்பன போன்ற அளந்து பார்க்கத்தக்க இலக்குகள் அங்கு நிறைவேறின. 2003-இல், அமெரிக்காவுக்கு வெளியே ‘லீட் பிளாட்டினம்’ தரம் பெற்ற முதற்கட்டடமாக அது விளங்கியது. 2004 ஜூலையில் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் அதனைத் திறந்து வைத்தார். ‘காற்றோட்டமாக இருக்க வேண்டும்’ என்று சொல்வது விருப்பம். அளந்து பார்க்கத்தக்கவாறு சொல்வதே எதிர்பார்ப்பு. நூற்றைம்பது கஜ மனையில் வீடு கட்டுவோர்க்கும் இது பொருந்தும்.

இன்றைய எதிர்பார்ப்புகள் நான்கு

முதலாவது, செலவு பற்றிய நேர்மை. அறைகளின் அமைப்பு, வாஸ்து, முகப்பு ஆகியவற்றைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவோர், செலவைப் பற்றிப் பேசுவதை ஒத்திப்போடுகின்றனர். எடுத்துக்காட்டாக, மதிப்பீடு 60 லட்ச ரூபாய் என்க. ரிசர்வ் வங்கியின் விதிப்படி, 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடன், சொத்து மதிப்பில் 80 விழுக்காட்டை மிகக் கூடாது. எனவே கடன் 48 லட்சம். கைப்பணம் 12 லட்சம். இடையில் செய்யும் மாற்றங்களால் செலவு 15 விழுக்காடு உயர்ந்தால், கூடுதல் 9 லட்சம். கடன் தானாக உயர்வதில்லை. கைப்பணம் 21 லட்சமாகிறது. மொத்தச் செலவில் ஏழில் ஒரு பங்கு அளவுக்குக் கூட எட்டாத மாற்றம், குடும்பத்தின் சுமையை முக்கால் மடங்கு கூட்டிவிடுகிறது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஆகும் செலவை, அதைச் செய்வதற்கு முன்பே எழுத்தில் தெரிவிக்கும் கட்டடக் கலைஞரே குடும்பத்தின் நண்பர்.

இரண்டாவது, சட்டத்துக்கு உட்பட்ட வரைபடம். 2020-இல் தெலங்கானா இயற்றிய கட்டட அனுமதி மற்றும் தற்சான்றளிப்புச் சட்டம் அனுமதி முறையை எளிதாக்கியது. 75 கஜம் வரையிலான மனையில் 7 மீட்டர் உயரம் வரை கட்டும் வீட்டுக்குப் பதிவு மட்டும் போதும். 600 கஜம், 10 மீட்டர் வரையிலான வீட்டுக்குத் தற்சான்றின்பேரில் உடனடி அனுமதி. அதற்கு மேற்பட்டவற்றுக்கு 21 நாட்களுக்குள் ஒற்றைச் சாளர அனுமதி. தமிழ்நாட்டு அளவுக்குப் பழகியோர்க்கு ஒரு குறிப்பு: இங்குக் கஜம் என்பது சதுர கஜம், அதாவது 9 சதுர அடி, 600 கஜம் என்பது 5,400 சதுர அடி, இரண்டேகால் கிரவுண்டு.

இவ்வெளிமைக்கு ஒரு மறுபக்கம் உண்டு. தற்சான்று அளிப்பவர் உரிமையாளர். அவர் சொன்னதற்கு மாறாகக் கட்டப்பட்டால், முன்னறிவிப்பின்றி இடிக்கவும் அச்சட்டம் இடம் தருகிறது. முன்பு அலுவலர் ஆராய்ந்து கண்டறிந்த பிழையை, இப்போது கட்டடக் கலைஞர்தாம் வரைபடத்திலேயே கண்டறிய வேண்டும். ‘பக்கத்து வீட்டார் இடைவெளி விடவில்லையே’ என்று நாம் வற்புறுத்தும்போது, ‘இயலாது’ என்று சொல்லும் துணிவும் அவரிடம் எதிர்பார்க்க வேண்டிய பண்பே.

மூன்றாவது, தட்பவெப்பத்துக்கு ஏற்ற வடிவம். ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரியைக் கடக்கும் நகரில், மேற்குச் சுவர் முழுவதும் கண்ணாடி வைப்பது மின்கட்டணத்தை விலைக்கு வாங்குவதாகும். 2023-இல் தெலங்கானா வெளியிட்ட குளிர்கூரைக் கொள்கை, 600 கஜமும் அதற்கு மேலும் உள்ள மனைகளில் எழும் குடியிருப்புக் கட்டடங்களுக்குக் குளிர்கூரையைக் கட்டாயமாக்கியது. சிறு வீடுகளுக்கு அது விருப்பத்தைப் பொறுத்தது. வெயிலைத் திருப்பி அனுப்பும் வெண்ணிறப் பூச்சோ ஓடோ பெருஞ்செலவு அன்று. மழைநீரும் அவ்வாறே. பாறை நிலமாகிய இந்நகரில் ஆழ்துளைக் கிணறு வற்றுவது புதிதன்று. 2020 அக்டோபரில் ஒரே பெருமழை பல தெருக்களை மூழ்கடித்ததும் மறக்கத்தக்கதன்று. நீர் எங்கிருந்து வரும், எங்கே போகும் என்னும் இரு கேள்விகளுக்கும் வரைபடம் விடை சொல்ல வேண்டும்.

நான்காவது, மேற்பார்வை. வரைபடத்தைக் கொடுத்ததோடு பணி முடிந்தது என்று கருதுவோரும் உளர். கான்கிரீட் இடும் நாளில் வந்து நிற்போரும் உளர். எத்தனை முறை, எந்தெந்தக் கட்டங்களில் வருவார் என்பதைத் தொடக்கத்திலேயே எழுதிக்கொள்ளுதல் வேண்டும். கம்பியின் கணக்கு கட்டமைப்புப் பொறியாளருடையது. அவர் யார், அவருக்குரிய கட்டணம் யாருடையது என்பதும் அதில் இடம்பெற வேண்டும்.

வங்கியும் ஒரு வாடிக்கையாளரே

கட்டடக் கலைஞரின் பணியைச் சார்ந்திருப்போருள் வங்கியும் ஒன்று. கட்டுமானத்துக்குக் கடன் தரும்போது அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தின் படியையும், அதன்படியே கட்டுவதாக உரிமையாளர் அளிக்கும் உறுதிமொழிப் பத்திரத்தையும் வங்கி பெற வேண்டும். வங்கி அமர்த்தும் கட்டடக் கலைஞர், பணி வரைபடத்தின்படியே நடைபெறுகிறது என ஒவ்வொரு கட்டத்திலும் சான்றளிக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தல். தவணை தாமதமாகும்போது வாடிக்கையாளர் வருந்துவது இயல்பு. ஆனால் வரைபடத்தில் இல்லாத ஓர் அறை எழும்பியிருந்தால், அத்தாமதம் வீட்டுக்காரரையும் காக்கிறது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், நிறைவுச் சான்றிதழையோ குடியேற்றச் சான்றிதழையோ சரிபார்த்த பின்னரே கட்டடத்தை ஈடாகக் கொண்டு வங்கிகள் கடன் வழங்க வேண்டும் எனப் பணித்தது. அச்சான்றிதழ் இல்லாத வீடு, குடியிருக்க உதவினாலும், அவசரத்துக்கு ஈடு வைக்கவும் நல்ல விலைக்கு விற்கவும் உதவாது போகலாம்.

அடுக்குமாடி வீடு வாங்குவோர்

அடுக்குமாடியில் வீடு வாங்குவோர் கட்டடக் கலைஞரை நேரில் காண்பதே அரிது. எனினும் அவருடைய கையொப்பம் அவர்களுடைய பணத்தையும் காக்கிறது. 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, வாங்குவோரிடம் பெறும் தொகையில் 70 விழுக்காட்டைத் தனி வங்கிக் கணக்கில் வைக்க வேண்டும். பொறியாளர், கட்டடக் கலைஞர், பட்டயக் கணக்கர் ஆகிய மூவரும் சான்றளித்த பின்னரே, பணி முடிந்த அளவுக்கு ஏற்ப அதிலிருந்து எடுக்கலாம். வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் தெரியவரும் கட்டமைப்புக் குறைபாட்டைக் கட்டுநர் தம் செலவில் சரிசெய்ய வேண்டும். திட்டத்தின் பதிவு விவரங்களில் கட்டடக் கலைஞரின் பெயரும் இருக்கும். முன்பணம் தருமுன் அதனைப் பார்ப்பது நன்று.

நம் பங்கு

எதிர்பார்ப்புக்கு ஈடாக வாடிக்கையாளரும் சிலவற்றைத் தர வேண்டும். உண்மையான வரவுசெலவுக் கணக்கு, குடும்பத்தார் கூடி எடுத்த முடிவு, உரிய காலத்தில் கட்டணம் ஆகியன அவை. ஒப்பந்தத்தில் கையொப்பமிடுமுன் கீழ்க்காணும் வினாக்களைக் கேட்டு, விடைகளை எழுத்தில் பெறுமாறு பரிந்துரைக்கிறோம்.

1. கட்டடக்கலைக் குழுமத்தில் தங்கள் பதிவு எண் யாது? அது நடப்பில் உள்ளதா?
2. கட்டணம் எந்தெந்தக் கட்டங்களில், எவ்வளவு? மேற்பார்வை அதில் அடங்குமா?
3. மதிப்பீட்டில் எவை சேர்ந்துள்ளன, எவை சேரவில்லை?
4. அனுமதி பெறுவது முதல் குடியேற்றச் சான்றிதழ் பெறுவது வரை யார் பொறுப்பு?
5. இடையில் மாற்றம் கோரினால், செலவையும் அனுமதியையும் அது எவ்வாறு பாதிக்கும் என்பதை எத்தனை நாட்களில் தெரிவிப்பீர்கள்?
6. பணி முடிந்தபின், உள்ளது உள்ளவாறு காட்டும் இறுதி வரைபடத்தைத் தருவீர்களா?

ஆறு வினாக்களுக்கும் தயக்கமின்றி விடை தருபவரிடம் வீட்டை ஒப்படைக்கலாம். அவ்விடைத்தாளின் ஒரு படியைக் கடன் விண்ணப்பத்தோடு கொண்டுவந்தால், மதிப்பீட்டை அதனோடு ஒப்பிட்டுப் பார்க்க எமது கிளை அலுவலர்களுக்கும் எளிதாகும்.