வெப் புரோகிராமிங் படிக்கப் பழைய கணினியே போதும்

ஓ.எல். எழுதிய பிள்ளை வெப் புரோகிராமிங் படிக்கக் கேட்கிறதென்று வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ பஸ் ஏறி, பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் புது லெப்டொப் வாங்கப் போகிறீர்களா? முதலில் வீட்டில் கிடக்கும் பழையதைப் பாருங்கள். 8 ஜிபி ரேமும் ஒரு எஸ்எஸ்டியும் போட்டால் அது தாராளம். கேமிங் கிராபிக்ஸ் கார்டுக்குக் காசு கொடுக்கவே வேண்டாம்.

விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற்காத கணினியில் லினக்ஸ் மின்ட் போடலாம். முன்னதாகப் படங்களையும் பாடக்குறிப்புகளையும் பென் டிரைவில் எடுத்து வையுங்கள். எழுத விஎஸ் கோட், பார்க்க பயர்பொக்ஸ். எல்லாம் இலவசம். உங்கள் பக்கேஜில் இரவு டேட்டா இருந்தால் பெரிய டவுன்லோடுகளை அப்போது வைத்துக்கொள்ளலாம்.

தொடக்கத்தில் பலர் திணறும் இடம் ஒன்று உண்டு. விண்டோஸ் கோப்புப் பெயரின் கடைசிப் பகுதியை மறைத்துவிடும். நோட்பேடில் எழுதியது ‘.எச்டிஎம்எல்’ என்று சேமித்தும் ‘.டிஎக்ஸ்டி’ ஆகிவிட்டால், பிரவுசரில் பக்கத்துக்குப் பதில் எழுதிய கோடே தெரியும். ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் ‘வியூ’ மெனுவில் பெயர் நீட்சியைக் காட்டச் சொல்லுங்கள். தமிழ் எழுத்துகள் குழம்பித் தெரிந்தால், பக்கத்தின் தலைப்பகுதியில் யுடிஎஃப்-8 குறிப்பிட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

நோட் ஜேஎஸ், டேட்டாபேஸ் எல்லாம் பிறகு பார்க்கலாம். எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் கைவரும்வரை வேறெதையும் நிறுவ விடாதீர்கள்.