ஆயிரங்கால் மண்டபத்தில் எத்தனை தூண்கள்?

விடுமுறை வந்துவிட்டால் குடும்பத்தோடு கோயில் கோயிலாகக் கிளம்பிவிடுகிறோம். வேனோ, ரயிலோ... ஏறி உட்கார்ந்த அரை மணி நேரத்தில் பிள்ளைகளின் கைக்குச் செல்போன் போய்விடும். கூடவே, 'இன்னும் எவ்வளவு நேரம்மா?' என்ற நச்சரிப்பு வேறு!

அந்த நேரத்தை இனிமையாக்க ஒரு விளையாட்டு இருக்கிறது, தோழியரே. ஆலயக் கேள்வி - பதில்! தாத்தா, பாட்டி முதல் நான்காம் வகுப்புப் பேத்தி வரை எல்லோரும் ஆடலாம். சரியான விடைக்குப் பரிசு, நாலு கல்கண்டு. இதோ, உங்களுக்காக ஏழு கேள்விகள். விடையைப் பார்க்கும் முன் நீங்களும் ஒருமுறை யோசித்துப் பாருங்கள்.

1. மதுரை மீனாட்சியம்மன் கோயில் ஆயிரங்கால் மண்டபத்தில் எத்தனை தூண்கள்?

'இதென்ன கேள்வி, ஆயிரம்தான்!' என்று எல்லோரும் கத்துவார்கள். இல்லை, 985! 16-ம் நூற்றாண்டில், நாயக்கர் காலத்தில் தளவாய் அரியநாத முதலியார் எழுப்பிய மண்டபம் இது. 'ஆயிரம்' என்பது இங்கே 'ஏராளம்' என்ற பொருளில் வருகிறது. 'ஆயிரம் தடவை சொல்லிட்டேன், கேட்கறியா?' என்று நாம் பிள்ளைகளிடம் சொல்வதில்லையா, அது மாதிரி!

2. தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தின் நிழல் தரையில் விழுமா?

'விழாது' என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். வாட்ஸ்அப்பிலும் அப்படித்தான் சுற்றுகிறது. ஆனால், நிழல் விழும்! காலையில் போனால் மேற்குப் பிராகாரத்தில் பார்க்கலாம். சூரியன் நேர் உச்சிக்கு வரும் நாட்களில், நண்பகலில் மட்டும் அகன்ற அடித்தளத்துக்குள்ளேயே நிழல் அடங்கிவிடும்.

இன்னொன்று... அது கோபுரமே இல்லை, விமானம்! வாசலின் மேல் எழுவது கோபுரம். கருவறையின் மேல் எழுவது விமானம். உச்சியில் இருப்பது ஒரே கல் என்பதும் தவறு. பல கற்களை இணைத்தே அது அமைக்கப்பட்டிருக்கிறது.

'அப்படியானால் பெருமை குறைந்துவிடுமே' என்று கவலைப்பட வேண்டாம். 1010-ம் ஆண்டில் ராஜராஜ சோழன் எழுப்பி முடித்த இந்த விமானம் சுமார் 216 அடி உயரம்! அதைவிட ஓர் அதிசயம் அங்குள்ள கல்வெட்டுகளில் இருக்கிறது. கோயில் பணிக்காக ஊர் ஊராக அழைத்து வரப்பட்ட 400 ஆடல் மகளிரின் பெயர்களை, அவரவர் எந்தத் தெருவில், எத்தனையாவது வீட்டில் குடியிருந்தார் என்பதோடு பொறித்து வைத்திருக்கிறான் மன்னன். ஆயிரம் வருடத்துக்கு முந்தைய பெண்களின் வீட்டு விலாசம் இன்றும் கல்லில் இருக்கிறது. பெருமைக்கு இது போதாதா?

3. ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் கட்டி முடிக்கப்பட்டது எந்த ஆண்டில்?

'ஆயிரம் வருஷம் இருக்கும்' என்று தாத்தாகூடத் தவறிவிடலாம். விடை: 1987! விஜயநகர மன்னர்கள் காலத்தில் தொடங்கி, பாதியில் நின்று, நூற்றாண்டுகளாக 'மொட்டைக் கோபுரம்' என்றே அழைக்கப்பட்டது. அதைப் பூர்த்தி செய்யும் திருப்பணியை ஏற்றவர் அஹோபில மடத்தின் 44-வது பட்டம் அழகியசிங்கர். 13 நிலைகள், சுமார் 236 அடி. உங்கள் வீட்டுப் பாட்டி அந்தக் கும்பாபிஷேகத்தைப் பார்த்தவராகக்கூட இருக்கலாம், கேட்டுப் பாருங்கள்.

4. பஞ்சபூதத் தலங்களில் தமிழ்நாட்டுக்கு வெளியே இருப்பது எது?

காஞ்சிபுரம் மண், திருவானைக்காவல் நீர், திருவண்ணாமலை நெருப்பு, சிதம்பரம் ஆகாயம். மீதமுள்ள வாயுத்தலமான ஸ்ரீகாளஹஸ்தி ஆந்திரத்தில் இருக்கிறது.

'ஐந்தும் ஒரே நேர்க்கோட்டில் இருக்கின்றன' என்று ஒரு செய்தி அடிக்கடி வரும். வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். காளஹஸ்தி, காஞ்சி, சிதம்பரம் மூன்றும் ஏறக்குறைய ஒரே கோட்டில் வருவது உண்மை. மற்ற இரண்டும் அந்தக் கோட்டுக்கு மேற்கே தள்ளி இருக்கின்றன.

5. அறுபத்துமூன்று நாயன்மார்களில் பெண்கள் எத்தனை பேர்?

மூவர். காரைக்கால் அம்மையார், பாண்டிமாதேவி மங்கையர்க்கரசியார், சுந்தரரின் தாயார் இசைஞானியார். பிராகாரத்தில் 63 பேரும் வரிசையாக நிற்க, பெரும்பாலான கோயில்களில் அம்மையார் மட்டும் அமர்ந்திருப்பார். 'அவரை யார் முதலில் கண்டுபிடிக்கிறார்கள், பார்ப்போம்' என்று சொல்லிப் பாருங்கள். சுற்றுவதற்குச் சிணுங்கும் பிள்ளைகூட முன்னால் ஓடும்!

6. சிதம்பரம் பொன்னம்பலத்துக்கும் நம் மூச்சுக்கும் என்ன சம்பந்தம்?

கூரையில் 21,600 பொன் ஓடுகள் வேயப்பட்டிருப்பதாக மரபு. ஒரு மனிதர் ஒரு நாளில் விடும் மூச்சின் எண்ணிக்கை அது என்பார்கள். நிமிடத்துக்கு 15 மூச்சு என்று வைத்து, 60-ஆலும் 24-ஆலும் பெருக்கச் சொல்லுங்கள். கணக்குப் பாடமும் ஆயிற்று, தரிசனமும் ஆயிற்று!

7. காஞ்சி அத்தி வரதர் அடுத்து எப்போது எழுந்தருள்வார்?

நாற்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை அனந்தசரஸ் திருக்குளத்திலிருந்து வெளியே வந்து, 48 நாட்கள் தரிசனம் தருபவர். 1979-ல் வந்தார், 2019-ல் வந்தார். இனி 2059-ல்!

'அப்போது நம் வீட்டுச் சின்னவளுக்கு என்ன வயது?' என்று கேளுங்கள். அவள் விரல் விட்டு எண்ணுவாள். தாத்தாவும் பாட்டியும் மௌனமாகச் சிரிப்பார்கள். அன்று தன் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு காஞ்சிக்குப் போகிறவள் அவள்தான். வழியில் அவள் சொல்லப்போவது, இன்று நீங்கள் அவளுக்குச் சொன்ன கதைகளைத்தான்.

அதனால்தான் இந்த விளையாட்டுக்கு ஒரு விதி வைக்கலாம். விடை சொல்லும்போதே அது புராணம் சொல்வதா, கல்வெட்டில் இருப்பதா, காதில் விழுந்ததா என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். புராணத்தைப் பக்தியோடு கேட்போம். கல்வெட்டைச் சரித்திரமாகப் படிப்போம். காதில் விழுந்ததை மட்டும், சரிபார்த்த பிறகே பிள்ளைகளிடம் தருவோம். 'நிழல் விழாது' என்று கேட்டு வளர்ந்த குழந்தை, தஞ்சையில் நிழலைக் கண்ணால் பார்க்கும் நாளில், நாம் சொன்ன மற்றதையும் சந்தேகப்படும். அந்தச் சந்தேகம் கோயிலின் மேலேயே திரும்பிவிடக் கூடாதல்லவா?

அடுத்த கேள்விகளை நீங்களே தயாரிக்கலாம். உங்கள் தெருக்கோடிக் கோயிலின் தல விருட்சம் எது? கோபுரத்தில் எத்தனை கலசங்கள்? கடைசியாகக் கும்பாபிஷேகம் நடந்த ஆண்டு எது? வெள்ளிக்கிழமை போகும்போது பார்த்து, ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

கல்கண்டு டப்பாவைப் பையில் வைக்க மறந்துவிடாதீர்கள்!