குடியை விட்டவருக்குக் கித்மத் ஒரு கேடயம்

 

மது ஹராம் என்பது நம் வீட்டுச் சிறு பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனாலும் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் குடியால் கலங்கும் வீடுகள் நம் சமுதாயத்திலும் உண்டு. மானம் போகுமென்று மறைக்கிறோம். ஒருவர் தவ்பாச் செய்து குடியை விட்ட பிறகும் அவரை ஒதுக்கியே வைக்கிறோம். முதல் சில மாதங்களில் அவர் மீண்டும் வழுக்க இந்த ஒதுக்கமும் ஒரு காரணமாகிவிடுகிறது.

நபி (ஸல்) அவர்களின் காலத்தில், குடித்ததற்காகப் பலமுறை தண்டிக்கப்பட்ட ஒருவரை மற்றொருவர் சபித்தார். நபியவர்கள் அதைத் தடுத்து, அவர் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிப்பவர் என்று உணர்த்தியதாக ஸஹீஹுல் புகாரியில் வருகிறது. குற்றம் குற்றம்தான். ஆனால் அந்த மனிதர் ஜமாஅத்துக்கு வெளியே தள்ளப்படவில்லை.

குடியை விட்டவர் பிறருக்கு உதவுவது அவரையே காக்கும் என்பதற்கு உலக அனுபவமும் சாட்சி. அமெரிக்காவில் பில் வில்சன் என்பவர் குடியை விட்டு ஐந்து மாதமான நிலையில், 1935 மே மாதம் தொழில் விஷயமாக ஆக்ரன் நகருக்குப் போனார். போன காரியம் கைகூடவில்லை. தங்கிய ஹோட்டலிலேயே மதுக்கூடம் இருந்தது. மனம் தடுமாறியபோது, தன்னைப் போல் குடியால் தவிக்கும் ஒருவருக்கு உதவ வேண்டும் என்று தொலைபேசியில் தேடினார். அப்படிக் கிடைத்தவர் டாக்டர் பாப் ஸ்மித். அந்தச் சந்திப்பிலிருந்து 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' என்ற அமைப்பு பிறந்தது. அதற்கு முன் பில் பேசிப்பார்த்தவர்களில் யாரும் திருந்தவில்லை. ஆனால் அவர் மட்டும் குடிக்காமல் நின்றார். சிகிச்சைக்குப் பின் பிறருக்கு உதவியவர்கள் மீண்டும் குடிக்கு விழுவது குறைவு என்று 2004-ல் வெளியான ஓர் ஆய்வும் கூறுகிறது.

காரணம் எளிது. மக்ரிபுக்குப் பிந்திய வெற்று நேரம்தான் கடைப்பக்கம் இழுக்கும். அந்த நேரத்தில் நமக்காக ஒருவர் காத்திருக்கிறார் என்றால் கால் வேறு பக்கம் போகும். குற்றவுணர்ச்சியால் குனிந்த தலையும் மெல்ல நிமிரும்.

மஹல்லாவில் என்ன செய்யலாம்? பள்ளிவாசல் ஹவ்ழைச் சுத்தம் செய்தல், நோன்புக் கஞ்சி வழங்குதல், கப்ருஸ்தான் வேலை, தனியாக இருக்கும் முதியவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுதல் போன்ற சிறு பொறுப்புகளைக் கொடுப்போம். முதலில் இன்னொருவரைத் துணைக்கு வைப்போம். வசூல் பணத்தை ஆரம்பத்திலேயே கையில் கொடுத்துச் சோதிக்க வேண்டாம். குடித்துக் கிடப்பவரை அழைத்துவரத் தனியே அனுப்ப வேண்டாம். மேடையேற்றி அவர் கதையைச் சொல்ல வைக்கவும் வேண்டாம். அவர் குறை நம்மிடம் அமானிதம்.

ஒன்றை மறக்கக் கூடாது: கித்மத் சிகிச்சைக்கு மாற்று அல்ல. நாள்தோறும் அதிகம் குடித்தவர் திடீரென நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அப்படிப்பட்டவர் மருத்துவர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும். 14446 என்ற கட்டணமில்லா எண்ணில் போதை மீட்பு ஆலோசனை கிடைக்கும்.

மீண்டும் ஒருமுறை வழுக்கினாலும் கதவை அடைக்காதீர்கள். அடுத்த நாளே மருத்துவரிடமும், பின் அதே வேலைக்கும் அழைத்து வாருங்கள். தவ்பாவின் வாசலை அல்லாஹ் திறந்து வைத்திருக்கும்போது, நம் மஹல்லாவின் வாசலை நாம் மூடலாமா?