பில்லில் வராத செலவு

புற்றுநோய் என்றதும் ஆபரேஷனுக்கு எவ்வளவு, மருந்துக்கு எவ்வளவு என்றுதான் விசாரிக்கிறோம். ஆஸ்பத்திரி பில்லில் வராத செலவை யாரும் முதலில் கணக்கிடுவதில்லை. சிகிச்சை பாதியில் நின்றுபோக அதுவும் ஒரு காரணம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாக்பூரிலிருந்து ஒருவர் மும்பை பரேலில் 1941 முதல் இயங்கும் டாடா நினைவு மருத்துவமனைக்குப் போகிறார். மூன்று வாரத்துக்கு ஒருமுறை கீமோ. மொத்தம் ஆறு முறை. போக வர 12 பயணம். துணைக்கு ஒருவர் சேர்ந்தால் 24 டிக்கெட். கரண்ட் வைப்பதென்றால், வாரம் ஐந்து நாள் வீதம் ஐந்தாறு வாரம் அங்கேயே தங்க நேரலாம். அறை வாடகை, சாப்பாடு, துணைக்கு வந்தவரின் சம்பள இழப்பு. நகை அடகுக்குப் போவது இந்தக் கட்டத்தில்தான்.

என் நண்பர் ஒருவர் மனைவியின் நோயை வெளியே சொல்லாமல், நான்கு முறை முழுக் கட்டணம் கொடுத்துப் போய் வந்தார். ஐந்தாவது கீமோவைப் பணமில்லாமல் தள்ளிப்போட்ட போதுதான் எனக்கே விஷயம் தெரிந்தது. ரயில்வேக்காரன் நான் பக்கத்துத் தெருவில் இருந்தும் பயனில்லாமல் போயிற்று. ஆகவே கீழ்க்கண்டவற்றைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

1. ரயில் சலுகை: சிகிச்சைக்கோ மறுபரிசோதனைக்கோ செல்லும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் அடிப்படைக் கட்டணம் முழுவதும் தள்ளுபடி. துணைக்குச் செல்பவருக்கு 75 சதவீதம். இதற்கென உள்ள படிவத்தில் மருத்துவமனைச் சான்றிதழ் பெற்று, முன்பதிவு கவுண்டரில் டிக்கெட் எடுக்கும்போதே காட்ட வேண்டும். ரயிலில் ஏறிய பின் கேட்டுப் பயனில்லை.

2. ஆயுஷ்மான் பாரத்: 2018-இல் தொடங்கிய இத்திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. திட்டத்தில் சேர்ந்த வெளிமாநில மருத்துவமனையிலும் செல்லும். 2024 அக்டோபர் முதல் 70 வயதானவர்களுக்கு வருமான வரம்பு இல்லை.

3. சமூக சேவைப் பிரிவு: பெரிய புற்றுநோய் மருத்துவமனைகளில் இப்பிரிவு உண்டு. தங்குமிடம், அறக்கட்டளை உதவி, பிரதமர் நிவாரண நிதிக்கு மனு ஆகியவற்றுக்கு அங்கே வழி சொல்வார்கள். முதல் நாளே சென்று பாருங்கள்.

நோய் வந்ததில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சொந்த ஊரையும் உறவையும் விட்டு வந்த நமக்கு அண்டை வீட்டாரே உறவு. நகையை எடுக்குமுன் நம் சங்கத்தில் ஒரு வார்த்தை சொல்லுங்கள். படிவம் நிரப்பவும் கவுண்டரில் நிற்கவும் என்னைப் போன்ற ஓய்வுபெற்றவர்களுக்கு நேரம் நிறைய இருக்கிறது.