முலாம் பொய்யா?

(மூன்றாம் ஆண்டு வேதியியல் மாணவன்)

முன்னுரை

சென்ற பருவத்தில் ஒரு நாள் மின்வேதியியல் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. மின்முலாம் பூசும் முறையை விளக்கிவந்த பேராசிரியர் திடீரென்று, "முலாம் என்பது பொய்யா, மெய்யா?" என்று கேட்டார். நான் எழுந்து, "பொய்தான் ஐயா! உள்ளே பித்தளை, வெளியே வெள்ளி. இதைவிடப் பெரிய பொய் ஏது?" என்றேன். நண்பர்கள் கைதட்டினர். பேராசிரியர் புன்னகைத்து, "சமன்பாட்டை நிறுவுவதுபோல் இதையும் நிறுவிக்கொண்டு வா" என்றார்.

நிறுவ முயன்றேன். மின்முலாமைப் பெருந்தொழிலாக வளர்த்து, கலையாகவும் உயர்த்திய நாடுகளில் ஒன்று பிரான்சு என்று அறிந்து, அந்நாட்டு வெள்ளிமுலாம் மேசைக்கலன்களைப் பற்றிப் படித்தேன். படிக்கப் படிக்க என் வாதம் தேய்ந்தது. அது எங்ஙனம் தேய்ந்தது என்பதே இக்கட்டுரை.

தொழிலின் தோற்றம்

ஷார்ல் கிறிஸ்தோபிள் என்பவர் பாரிசு நகரத்து நகை வணிகர். 1830-இல் தம் நிறுவனத்தைத் தொடங்கினார். 1842-இல் ஆங்கிலேயரான எல்கிங்டன், பிரெஞ்சுக்காரரான ருவோல்ஸ் ஆகியோரின் மின்முலாம் காப்புரிமைகளைப் பிரான்சில் பயன்படுத்தும் உரிமையைப் பெற்றார். அதுவரை செல்வர் வீட்டு மேசைக்கே உரியதாயிருந்த வெள்ளியின் ஒளி, நடுத்தர மக்களின் மேசைக்கும் வந்தது.

செய்முறை நாம் அறிந்ததே. வெள்ளித் தகடு நேர்மின்வாய். முலாம் பெற வேண்டிய கரண்டி எதிர்மின்வாய். இடையே பொட்டாசியம் வெள்ளிச் சயனைடுக் கரைசல். மின்னோட்டம் பாயும்போது வெள்ளி அயனிகள் கரண்டியின்மேல் வெள்ளியாகப் படிகின்றன. கிண்ணம், கெண்டி போன்றவற்றுக்கு உள்ளுடல் பெரும்பாலும் பித்தளை. கரண்டிக்கும் முட்கரண்டிக்கும் செம்பு, துத்தநாகம், நிக்கல் கலந்த உலோகம். நாம் 'ஜெர்மன் சில்வர்' என்று அழைக்கும் இதில் வெள்ளி அணுவளவும் இல்லை. பெயரில் வெள்ளி, பொருளில் இல்லை. பொய் என்று சொல்வதானால் இப்பெயரைத்தான் சொல்லவேண்டும்! பிரெஞ்சுக்காரர் இதனை 'மையஷோர்' என்பர். 1819-இல் லியோன் நகரில் இக்கலவையைக் கண்ட மையே, ஷோரியே என்னும் இருவரின் பெயர்களை இணைத்து இட்ட பெயர் அது.

அளவும் முத்திரையும்

என் வாதத்துக்கு முதல் அடி விழுந்தது இங்கேதான். பொய் தன்னைப் பொய் என்று சொல்லிக்கொள்ளாது. பிரெஞ்சு முலாம் கலனோ தன்னை முலாம் என்றே சொல்லிக்கொள்கிறது. கெட்டி வெள்ளிக் கலனில் செய்தவரின் முத்திரை சாய்சதுரக் கட்டத்துக்குள் இருக்கும். 1838 முதல் மினர்வா தேவியின் தலை பொறித்த அரசு முத்திரையும் உடன் இருக்கும். முலாம் கலனில் மினர்வா இல்லை. செய்தவரின் முத்திரையும் சதுரக் கட்டத்துக்குள் நிற்கும். கட்டத்தின் வடிவத்தைக் கண்டே வாங்குபவர் வேறுபாட்டை அறியலாம்.

அம்மட்டோ? பல கரண்டிகளில் 84 என்னும் எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். 12 கரண்டி, 12 முட்கரண்டி ஆகிய 24 உருப்படிகளின் மேலும் படிந்த வெள்ளி மொத்தம் 84 கிராம் என்பது அதன் பொருள். ஒன்றுக்கு 3.5 கிராம். பாரடேயின் விதிப்படி ஓர் ஆம்பியர் மின்னோட்டம் ஒரு மணி நேரத்தில் 4.025 கிராம் வெள்ளியைப் படியச் செய்யும். ஆகவே அம்மின்னோட்டத்தில் ஒரு கரண்டிக்கு ஏறத்தாழ 52 நிமிடம் ஆகும். தன்மேல் எத்தனை கிராம் வெள்ளி இருக்கிறது என்பதைத் தன் முதுகிலேயே எழுதிவைத்துக்கொண்டிருக்கும் பொருளை நான் எப்படிப் பொய்யன் என்பேன்?

எடையா, வடிவமா?

கெட்டி வெள்ளிக்கு ஒரு பேராபத்து உண்டு. அதன் விலை அதன் எடையிலேயே இருப்பதால், பணமுடை வந்தால் கலை உருகிக் காசாகிவிடும். பதினான்காம் லூயி மன்னர் 1689-இல் போர்ச் செலவுக்காக வெர்சாய் அரண்மனையின் வெள்ளி மேசைகளையும் பேரணிகலன்களையும் உருக்கச் செய்தார். ஈடற்ற வேலைப்பாடுகள் நாணயங்களாயின. மூன்றாம் நெப்போலியனோ நூறு பேர் அமரும் விருந்து மேசைக்கான நடு அலங்காரத்தைக் கிறிஸ்தோபிள் நிறுவனத்தில் வெள்ளிமுலாமில் செய்வித்தார். 1871-இல் துய்லரி அரண்மனை எரிந்தபோது அதுவும் தீயில் சிக்கியது. ஆயினும் இடிபாடுகளிலிருந்து மீட்கப்பட்டுப் பாரிசின் அலங்காரக் கலை அருங்காட்சியகத்தில் இடம்பெற்றது.

முலாம் கலனை உருக்கிப் பயனில்லை. அதன் மதிப்பு எடையில் இல்லையெனின், வேறெங்கே இருக்கவேண்டும்? வடிவத்தில்தான்! இருபதாம் நூற்றாண்டின் பிரெஞ்சு முலாம் கலையை விளங்கிக்கொள்ள இதுவே திறவுகோல் என்பது என் துணிபு.

புதிய வடிவங்கள்

1929-இல் பாரிசில் நவீனக் கலைஞர் ஒன்றியம் தோன்றியது. கட்டடக் கலைஞர் மாலே-ஸ்டீவன்ஸ், வெள்ளிக் கலைஞர் ழான் புய்போர்கா முதலியோர் அதன் நிறுவனர்கள். பூவேலையையும் கொடிவேலையையும் நீக்கி, பயனுக்கேற்ற தூய வடிவத்தை அவர்கள் நாடினர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1949-இல் அவ்வொன்றியம் தொடங்கிய 'பயன்தரும் வடிவங்கள்' கண்காட்சி, அன்றாடப் பொருள்களின் அழகை மக்கள்முன் வைத்தது.

முலாம் தொழிலும் இதே திசையில் நடந்தது. லூக் லனேல் என்பவர் கிறிஸ்தோபிளுக்காக வடிவமைத்த கலன்கள், 1935-இல் முதற்பயணம் புறப்பட்ட நார்மண்டி கப்பலின் உணவுமேசையில் இடம்பெற்றன. 1950-களில் இத்தாலியரான லினோ சபட்டினி அந்நிறுவனத்துக்கு 'கோமோ' என்னும் தேநீர், காபிக் கலன்களைச் செய்தார். கெண்டியின் வயிறு எங்கே முடிகிறது, மூக்கு எங்கே தொடங்குகிறது என்று சொல்ல இயலாதபடி எல்லாம் ஒரே வளைவாக மேலெழும். அதில் ஒரு பூவும் இல்லை. இருந்தும் கண் அதைவிட்டு அகலாது.

இங்கே வேதியியல் மாணவன் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. மின்முலாமில் முனைகளிலும் விளிம்புகளிலும் வெள்ளி மிகுதியாகப் படியும். ஆழ்ந்த குழிகளில் குறைவாகப் படியும். செதுக்கு வேலை மிகுந்த பாத்திரத்தில் முலாம் சீராக அமைவது கடினம். வழவழப்பான வளைவில் எளிது. புதிய கலைஞர் விரும்பிய வடிவமும், மின்னோட்டம் விரும்பும் வடிவமும் பெரும்பாலும் ஒன்றாயின! ஆனால் வழவழப்பான பரப்பில் சிறு கீறலும் தெரியும். குறையை மறைக்கப் பூவேலை இல்லை. அதனால் மெருகிடுவோரின் கை முன்னினும் கூர்மையாக வேண்டியிருந்தது.

எஞ்சிய ஐயம்

இருப்பினும் ஓர் ஐயம் என்னை விடவில்லை. பொருள் தன் இயல்பை மறைக்கக்கூடாது என்பது நவீனக் கலைஞரின் கொள்கையன்றோ? பித்தளையை வெள்ளியால் மூடுவது அக்கொள்கைக்கு மாறாகாதா?

விடை எங்கள் வீட்டு அடுக்களையில் கிடைத்தது. பித்தளைப் பாத்திரத்தில் புளி பட்டால் களிம்பு ஏறும் என்பதால் ஈயம் பூசுகிறோம். அதனை யாரும் பொய் என்பதில்லை. வெள்ளி முலாமும் அத்தகையதே. பித்தளை உருவத்தைத் தாங்குகிறது. வெள்ளி உணவையும் உதட்டையும் காக்கிறது. இரண்டுக்கும் தனித்தனி வேலை. நாளடைவில் கரண்டியின் அடிப்பகுதி தேய்ந்து பித்தளை பல்லிளித்தால், மீண்டும் முலாம் பூசிக்கொள்ளலாம். அது சாயம் வெளுத்த கதையன்று. உழைத்துத் தேய்ந்த கதை.

முடிவுரை

பொய் என்பது பூச்சில் இல்லை. பூச்சை மறைப்பதில்தான் இருக்கிறது. முலாம் கரண்டியைக் கெட்டி வெள்ளி என்று சொல்லி விற்பவன் பொய்யன். சதுர முத்திரையிட்டு, கிராம் கணக்கையும் பொறித்து விற்பவன் மெய்யன். இரண்டு கரண்டிகளும் ஒரே தொட்டியில் ஊறி வந்தவையாகவும் இருக்கலாம்!

கல்லூரியில் நாம் பெறும் கல்வியும் ஒரு வகையில் மேலே படிவதுதான். எத்தனை கிராம் படிந்திருக்கிறது என்பதை ஒளிக்காமல் சொல்லும் துணிவு நமக்கு வரவேண்டும். அத்துணிவோடு நானே தொடங்குகிறேன்: ஐயா, அன்று நான் சொன்ன விடை தவறு. நிறுவ இயலவில்லை.