“போன பிறகு பாத்துக்கலாம்!”

குடும்பத்தோடு வேறு ஊருக்குப் போகிற யோசனையில் இருக்கிறீர்களா? ஆனால் எப்போது போவோம், போவோமா மாட்டோமா என்பதே இன்னும் சரியாகத் தெரியவில்லையா? அப்படியானால் இந்தப் பக்கம் உங்களுக்குத்தான். பெட்டி கட்டுவதை ஒரு அரை மணி நேரம் தள்ளிவைத்துவிட்டு, ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

முதலில் ஒரு வீட்டுக் கதை. சேலத்திலிருந்து ஆத்தூர் போகிற வழியில் இருக்கிற வாழப்பாடியில் எனக்குத் தெரிந்த குடும்பம் அது. பெயர் வேண்டாம். கணவருக்கு பெங்களூரில் கணக்கு எழுதும் வேலை. சனி, ஞாயிறு ஊருக்கு வந்து போவார். மனைவி, இரண்டு பிள்ளைகள், மாமியார் எல்லோரும் வாழப்பாடியில். 2020 ஜூனில் பள்ளி திறக்கும்போது குடும்பமே பெங்களூர் போய்விடுவதாக ஏற்பாடு.

மார்ச் 25ஆம் தேதி ஊரடங்கு வந்தது. அதற்கு முந்தின வாரம் ஊர் வந்த கணவர் திரும்பிப் போகவில்லை. முதலில் 21 நாள் என்றார்கள். ஏப்ரல் 14 என்பது மே 3 ஆனது. மே 3, மே 17 ஆனது. அப்புறம் மே 31! சம்பளத்தில் வெட்டு விழுந்தது. “சரி, அடுத்த வருஷம் போயிடலாம்” என்றார். அடுத்த வருடம் மே மாதம் இரண்டாவது அலை. மறுபடியும் முழு ஊரடங்கு.

இந்த இரண்டு வருடமும் அந்த வீட்டில் அதிகம் கேட்ட வார்த்தை எது தெரியுமா? “போன பிறகு பாத்துக்கலாம்.”

மனைவிக்கு ஓயாத அசதி. ராத்திரியில் நாலைந்து தடவை எழுந்து பாத்ரூம் போக வேண்டியிருந்தது. “பெங்களூர் போனதும் நல்ல டாக்டரா பாத்துக்கலாங்க” என்றார். ஆரி ஒர்க் கற்றுக்கொள்ள ரொம்ப நாள் ஆசை. “இப்ப சேர்ந்தா பாதியில விட்டுட்டுப் போகணும்” என்று அதையும் விட்டார்.

2022இல் ஆபீஸ் திரும்ப வரச் சொன்னது. தேதியும் குறித்தாயிற்று. டிரங்குப் பெட்டியை நகர்த்தும்போது அந்த அம்மாவுக்குக் கால் சுண்டுவிரலில் சின்னக் காயம். மஞ்சள் வைத்தார். மூன்று வாரமாகியும் ஆறவில்லை. விரல் கறுத்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ரத்தத்தில் சர்க்கரை 380! வயது 39. அந்த விரலை எடுக்க வேண்டியதாகிவிட்டது. கணவர் தனியாகத்தான் பெங்களூர் போனார்.

தப்பு யாருடையது? அந்த வீட்டில் யாரும் கெட்டவர்கள் இல்லை. குடும்பத்துக்கு ஒரு பெரிய குறிக்கோள் இருந்தது. ஆனால் தனித்தனி ஆளுக்கு என்று எதுவும் இல்லை. இருந்த ஒன்றிரண்டும், தள்ளிப்போய்க்கொண்டே இருந்த ஒரு தேதியோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன. தேதி தள்ளிப்போனபோது அவையும் தள்ளிப்போயின.

உடம்பு போடும் கணக்கு

ஊர் மாறுவது வெறும் லாரி வாடகை விஷயமில்லை. 1967இல் தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ராஹே என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள், வாழ்க்கையில் வருகிற 43 மாற்றங்களுக்கு மார்க் போட்டு ஒரு பட்டியல் வெளியிட்டார்கள். துணையை இழப்பதற்கு 100. திருமணத்துக்கு 50. ஆமாம், நல்ல காரியத்துக்கும் மார்க் உண்டு! நல்லதோ கெட்டதோ, மாற்றம் என்றாலே உடம்பும் மனசும் பழகிக்கொள்ளப் பாடுபட வேண்டும் என்பது அவர்கள் கருத்து.

வீடு மாற்றத்துக்கு வெறும் 20தான். ‘இவ்வளவுதானா?’ என்று நினைக்காதீர்கள். அது தனியாக வராது. பிள்ளைகளுக்குப் பள்ளி மாற்றம் 20. பண நிலைமையில் மாற்றம் 38. வசிக்கும் சூழ்நிலை மாற்றம் 25. வேலை நேரம் மாறினால் 20. தூக்கம் மாறினால் 16. சாப்பாட்டுப் பழக்கம் மாறினால் 15. கூட்டிப் பாருங்கள், 154 வருகிறது. ஒரு வருடத்துக்குள் 150ஐத் தாண்டினால் உடல்நலம் கெடும் வாய்ப்பு கூடுகிறது என்பது அவர்கள் கணக்கு. பயப்பட வேண்டாம், இது ஜாதகம் இல்லை. ‘இந்தச் சமயத்தில் உடம்பைக் கூடுதலாகக் கவனி’ என்கிற எச்சரிக்கை மணி, அவ்வளவே. நாமோ அந்தச் சமயத்தில்தான் உடம்பை மறந்துவிடுகிறோம்!

இரண்டு பக்கம் எழுதுங்கள்

நோட்டில் இடது பக்கம் ‘குடும்பம்’ என்று தலைப்புப் போடுங்கள். வாடகை, பள்ளி டி.சி., கேஸ் இணைப்பு, ரேஷன் கார்டு எல்லாம் அங்கே. வலது பக்கம் ‘நான்’. அங்கே ஒரே ஒரு குறிக்கோள். இரண்டு கூட வேண்டாம். அதை எழுதும்போது மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி 1: போனாலும் செய்யலாமா, போகாவிட்டாலும் செய்யலாமா? இரண்டுக்கும் ‘ஆமாம்’ வந்தால்தான் அது இந்தப் பக்கத்துக்கு உரியது. ‘பெங்களூரில் ஜிம்மில் சேர்வேன்’ என்பது தேறாது. ‘தினமும் அரை மணி நேரம் நடப்பேன்’ என்பது தேறும். பெரியவர்களுக்கு வாரம் 150 நிமிட மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அரை மணி வீதம் ஐந்து நாள் நடந்தால் கணக்கு சரி!

கேள்வி 2: இது என் கையில் இருக்கிறதா? ‘எட்டு கிலோ குறைய வேண்டும்’ என்பது பலன். அது நம் கையில் முழுதாக இல்லை. ‘ராத்திரி எட்டு மணிக்குள் சாப்பிட்டு முடிப்பேன்’ என்பது செயல். அது நம் கையில். காலம் நிச்சயமில்லாதபோது செயலை எழுதுங்கள். பலன் தானாக வரும்.

கேள்வி 3: எதற்குப் பின்னால் செய்வேன்? ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்ஸர் 1999இல் எழுதிய கட்டுரையில் சொன்ன வழி இது. ‘நடப்பேன்’ என்று பொதுவாக நினைப்பதைவிட, ‘இது முடிந்ததும் அதைச் செய்வேன்’ என்று முடிச்சுப் போடுகிறவர்கள் அதிகம் சாதிக்கிறார்கள். ஆனால் நம்மைப் போல் ஊர் மாறப் போகிறவர்கள் முடிச்சை எங்கே போடுவது என்று பார்த்துப் போட வேண்டும். ‘பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடப்பேன்’ என்றால் ஊர் மாறியதும் அறுந்துவிடும். ‘காலை காபி டம்ளரைக் கழுவி வைத்ததும் செருப்பைப் போடுவேன்’ என்றால்? காபி டம்ளர் கூடவே வருமே!

கெட்ட பழக்கத்தை இங்கேயே விட்டுவிடலாம்!

ஊர் மாறுவதில் ஒரு லாபமும் உண்டு. 2005இல் வெண்டி வுட் என்ற உளவியலாளரும் அவர் குழுவினரும், வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறிய மாணவர்களைக் கவனித்தார்கள். சூழ்நிலை மாறியபோது பழைய பழக்கம் பிடி தளர்ந்தது. மாணவர்கள் தாங்கள் நினைத்தபடி நடந்தார்கள். சாயங்காலம் கடை முக்கில் பஜ்ஜி சாப்பிடுவது, டி.வி. முன்னால் தட்டு வைப்பது இதையெல்லாம் கைகழுவ, புது வீட்டின் முதல் வாரம் நல்ல சமயம்.

நல்ல பழக்கத்துக்கும் அதே ஆபத்துதான், அதனால் அதைப் பத்திரமாகக் கொண்டுபோக வேண்டும். லண்டனில் 96 பேரை வைத்து நடந்த ஆய்வில், ஒரு புதுப் பழக்கம் படிய சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாளிலேயே வந்துவிடும். சிலருக்கு 254 நாள் கூட ஆகலாம். ஒரு நாள் விட்டுப்போனால் மோசமில்லை. மறுநாள் தொடருங்கள்.

மாமியாருக்கும் ஒரு பக்கம்

பெரியவர்களை யாரும் கேட்பதில்லை. வாழப்பாடியில் அந்தப் பாட்டிக்குக் காலையில் கோயில், மத்தியானம் திண்ணையில் நாலு பேரோடு பாக்கு உரித்துக்கொண்டே பேச்சு. நகரத்து மூன்றாவது மாடியில் இரண்டும் போய்விடும். “நான் வந்து அங்க என்ன பண்றது கண்ணு?” என்று அவர் கேட்டது வீம்பு இல்லை, நியாயமான கேள்வி. பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு பக்கம் கொடுங்கள். பெரிய லட்சியம் வேண்டாம். ‘பழைய சிநேகிதனுக்கு வாரம் ஒரு தடவை போன் பண்ணுவேன்’ என்பது கூட அருமையான குறிக்கோள்தான்.

“குடும்பமே அல்லாடும்போது எனக்குன்னு என்னங்க குறிக்கோள்? சுயநலமா தெரியாதா?” இப்படிக் கேட்கிற தாய்மார்கள் நிறைய. ஒரே பதில்தான். அந்த வீட்டில் ஊர் மாறும் திட்டத்தை நிறுத்தியது கடைசியில் ஊரடங்கு இல்லை. ஒரு சுண்டுவிரல்!

மூன்று மாதத்துக்கு ஒரு நாள்

‘எப்போது போகிறோம்?’ என்று தினமும் பேசி டென்ஷன் ஆகாதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒரு நாள் குறித்து, அன்றைக்கு மட்டும் எல்லோரும் உட்கார்ந்து பேசுங்கள். அன்றே பிரஷர் பாருங்கள். சர்க்கரை உள்ளவர்கள், கடந்த இரண்டு மூன்று மாத சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.ஒன்.சி. பரிசோதனையையும் டாக்டரைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். ஓயாத அசதி, அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், ஆறாத புண் இவை இருந்தால் மூன்று மாதம் காத்திருக்காதீர்கள். நாளைக்கே போங்கள்.

பெட்டி கட்டும்போது ஒரு ஃபைல் தனியாக இருக்கட்டும். மருந்துச் சீட்டு, பரிசோதனை முடிவுகள், பிள்ளைகளின் தடுப்பூசி அட்டை, ஒரு மாதத்துக்கான மாத்திரை எல்லாம் அதில். லாரியில் ஏற்றாதீர்கள், கைப்பையில் வையுங்கள். புது டாக்டரைப் பார்க்கும் வரை மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

அந்த அம்மா இப்போது எப்படி இருக்கிறார்? கணவர் மறு வருடமே சேலத்தில் வேலை தேடிக்கொண்டு, தினமும் பஸ்ஸில் போய் வருகிறார். பெங்களூர் போகவே இல்லை! ‘போன பிறகு’ என்ற நாள் அந்த வீட்டுக்கு வரவே இல்லை. அம்மா காலையில் காபி டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, டாக்டர் சொன்ன மெத்துச் செருப்பைப் போட்டு நடக்கிறார். சர்க்கரை கட்டுக்குள். ஆரி ஒர்க் கற்றுக்கொண்டு, அக்கம்பக்கத்துக் கல்யாணங்களுக்கு ஜாக்கெட் போட்டுக் கொடுக்கிறார்.

“இதையெல்லாம் அன்னைக்கே ஆரம்பிச்சிருக்கலாமுங்க” என்றார் என்னிடம். நீங்கள் இன்றைக்கே ஆரம்பியுங்கள். நோட்டு கையில்தானே இருக்கிறது? வலது பக்கம், ஒரே ஒரு வரி!