ரெஜிஸ்ட்ரியில் கை வைக்கும் முன்

வீட்டுக் கணினி மந்தமானால், இலவச 'ரெஜிஸ்ட்ரி கிளீனர்' தேடத் தோன்றும். அவசரப்படாதீர்கள். விண்டோஸும் மென்பொருள்களும் தம் அமைப்புகளைப் பதிந்து வைக்கும் இடம் ரெஜிஸ்ட்ரி. பயனற்ற பதிவுகள் நூற்றுக்கணக்கில் நீங்கினாலும் மிச்சமாவது சில கிலோபைட்தான், வேகம் கூடாது. தேவையான பதிவு ஒன்று போனாலோ பிரிண்டர் முடங்கலாம், விண்டோஸே திறக்காமல் போகலாம். ரெஜிஸ்ட்ரி கிளீனர்களைத் தாங்கள் ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்டே சொல்லிவிட்டது. 2017இல் இவ்வகைக் கருவியான சிகிளீனரின் 5.33 பதிப்பில் ஊடுருவிகள் தீநிரலைப் புகுத்தினார்கள். 20 லட்சத்துக்கும் அதிகமான கணினிகளில் அது இறங்கியது.

நீக்கிய மென்பொருளின் எச்சம் மறுபடி நிறுவ விடாமல் தடுக்கும்போது இந்தக் கிளீனர்கள் ஓரளவு உதவும். அப்போதும் முதலில் ஸ்டார்ட் மெனுவில் 'கிரியேட் எ ரீஸ்டோர் பாயிண்ட்' என்று தட்டி, மீட்புப் புள்ளி ஒன்றை அமைத்துக்கொள்ளுங்கள்.

வேகம்தான் தேவையென்றால் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். திறக்கும் சாளரத்தின் 'ஸ்டார்ட்அப்' பகுதியில் வேண்டாதவற்றை நிறுத்துங்கள். பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் எஸ்எஸ்டிக்கு மாறுவதே பெரிய மாற்றம் தரும். அதற்காகக் கடையில் கொடுக்கும் முன் படங்களையும் ஆவணங்களையும் வெளி டிரைவில் நகலெடுத்து வையுங்கள்.